மாப்பிள்ளை வீட்டு மீன்

கல்மண்டபத்து மீனவர் குப்பத்தில் பிறந்தும் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை என்ற பெயரைக் கருணாகரன் நாற்பத்தைந்து வயது வரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தார். அப்பாவும் அண்ணன்மாரும் வலைக்குப் போகிறவர்கள். இவரையும் ஒரு முறை கூட்டிப் போனார்கள். அன்றைக்கு வலை இழுக்க வேண்டிய கைகளெல்லாம் இவர் தலையைத் தாங்கப் போய்விட்டன, வெறுங்கூடையோடு திரும்பினார்கள். அப்பா யாரையோ பிடித்து அவரை ஹார்பரில் சேர்த்துவிட்டார். கரையில் ஊன்றிய கிரேனில் உட்கார்ந்து கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குகிற வேலை. கிரேன் ஆடாது. அந்த வேலையில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனாலும் குப்பத்தில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே. மீனைப் பிடிக்கத்தான் வராது, மீனைப் பற்றிப் பேச வராதா? எந்த மீன் எப்போது சினை பிடிக்கும், எது எந்தக் காற்றுக்குக் கரை ஒதுங்கும் என்று டீக்கடையில் அடித்து விடுவார். பாதி தப்பு என்று அவருக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் மனைவி அங்கம்மாவிடம் நைசாகக் கேட்டுத் திருத்திக்கொள்வார். அங்கம்மா மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். பேச்சு குறைவு, கத்தி கூர்மை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் அவருடைய பேச்சுக்கு ஏற்ற மீன் வந்து சேர்ந்தது. மேற்கே எங்கிருந்தோ வந்த ஒரு கப்பலின் சமையல்காரன், கோவாக்காரன், ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தான். கண்ணில் பட்டால் கேப்டன் கடலில் கொட்டச் சொல்வார், நீயே வைத்துக்கொள் என்றான். உள்ளே விரல் நீளத்தில் இரண்டு மீன்கள். கறுப்பு உடம்பு, அங்கங்கே நெருப்புத் துண்டு ஒட்டின மாதிரி சிவப்பு, தடித்த உதடு. மூடியைத் திறந்தபோது இரண்டும் பயப்படாமல் அவரை அண்ணாந்து பார்த்தன. கடல் தன்னை ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் கடல் தாண்டி வந்தது ஏற்றுக்கொண்டதே என்று கருணாகரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அது நன்னீர் மீன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொட்டிக்கு மதார் சாகிப்பைத் தேடிப் போனார். வண்ணாரப்பேட்டையில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற கடை வைத்திருந்தவர். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வருஷம் படிப்பை நிறுத்தியவர்கள். பழைய இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்கெல்லாம் மக்குப் பசை வைத்து அடைத்து மதார் சாகிப் இரண்டு தொட்டி செய்தார். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, ஆளுக்கு ஒரு மீன் என்பது பேச்சு. அங்கம்மாவின் கூடையில் மிஞ்சிய இறாலும் நெத்திலியும் தின்று ஒன்றரை வருஷத்தில் இரண்டும் உள்ளங்கையைத் தாண்டி முழங்கை அளவுக்கு நெருங்கிவிட்டன. உயிரோடு போட்ட கெண்டைக் குஞ்சை ஒரே உறிஞ்சில் விழுங்கும். கரப்பான் பூச்சி என்றால் உயிர். சாப்பாடு தாமதமானால் வாலால் அடித்து வேட்டியை நனைக்கும். தொட்டிக்குள் வேறு எதையும் வைக்க விடாது. ஒரு கூழாங்கல்லைப் போட்டால் வாயால் கவ்வி தனக்குப் பிடித்த இடத்துக்கு நகர்த்திவிட்டுத்தான் மறுவேலை.

அப்புறம்தான் குஞ்சு எடுக்கிற ஆசை வந்தது. ஆசையோடு தகராறும் வந்தது. கருணாகரன் தன் மீன்தான் ஆண் என்றார். மதார் சாகிப் தன்னுடையதுதான் ஆண் என்றார். விஷயம் இவ்வளவுதானா என்றால், இல்லை. ஆண் எந்த வீட்டில் இருக்கிறதோ அதுதான் மாப்பிள்ளை வீடு. பெண் அங்கேதான் வந்து வாழ வேண்டும். குஞ்சு பொரித்தால் பெயரும் அந்த வீட்டுக்குத்தான். இரண்டு பேருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. மீனுக்கு அந்த வழக்கம் தெரியுமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. நிறத்தில் பேதமில்லை, துடுப்பில் பேதமில்லை. மார்க்கெட்டில் பெண்கள் சினை மீனுக்கு வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல் கருணாகரன் அமுக்கிப் பார்த்தார். அது விரலைக் கடித்தது. நெற்றி புடைத்தது ஆண் என்றார் மதார் சாகிப். தடித்த உதடு ஆண் என்றார் இவர். கடைசியில் அங்கம்மாவைக் கேட்டார்கள். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"அறுத்தா சொல்றேன்" என்றாள்.

அப்புறம் அவளை யாரும் கேட்கவில்லை. கருணாகரனே தீர்ப்பு சொன்னார். தன் மீன் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறது, வேளைக்குச் சோறு இல்லாவிட்டால் ரகளை பண்ணுகிறது, தன் இடத்தில் ஒருத்தரை விடாது; இதற்குமேல் ஆண் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? மதார் சாகிப் யோசித்துப் பார்த்தார். தன் அப்பாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஒத்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது வீட்டில் நிஜமாகவே ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். கருணாகரனின் ஒரே மகள் மங்கை. ஐம்பத்தாறு தை மாசம் அவளைத் திருவொற்றியூரில் செல்வத்துக்குக் கொடுத்தார்கள். செல்வம் ஒரு இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். குடிக்காத, அடிக்காத, பேசவும் பேசாத பையன். அவன் அம்மா பவுனம்மாள் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். இட்லி சுட்டு விற்று, ஒண்டியாக மகனை வளர்த்து, ஒரு ரூம் வீட்டைக் கட்டி நிமிர்ந்தவள். அந்த வீட்டில் ஒவ்வொரு ஆணியும் அவள் அடித்தது. மங்கை எதைத் தொட்டாலும் "அது கிடக்கட்டும்" என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். அடுப்பில் கை வைத்தால் கிடக்கட்டும், துணியை மடித்தால் கிடக்கட்டும். மங்கை கொண்டுபோன டிரங்குப் பெட்டிக்கு ஏழு மாசமாக இடம் கிடைக்காமல் அது வாசலிலேயே இருந்தது. ஆடிக்கு அழைத்து வந்த பெண், ஆவணி பிறந்தும் திரும்பிப் போகிற பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் கண் கலங்கினாள்.

ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை நிலைத்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் அழிக்க முடியாது. கருணாகரனுக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. ஆனால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். புது இடம் அப்படித்தான் இருக்கும், அனுசரித்துப் போ, போகப் போகச் சரியாகிவிடும். இதையே காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் சொன்னார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மீனுக்குக் கல்யாணம். மதார் சாகிப் தன் மீனை ஒரு பால் கேனில் வைத்து, ரிக்ஷாவில் மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். கருணாகரன் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்பதால் எழுந்து வரவேற்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சட்டைகூடப் போட்டிருந்தார். அங்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கேனைச் சாய்த்துப் பெண்ணை மாப்பிள்ளையின் தொட்டிக்குள் விட்டார்கள்.

மாப்பிள்ளை ஒரு நொடி அசையாமல் நின்றது. அப்புறம் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தது. பெண்ணின் வாலில் ஒரு கவ்வு, துடுப்பில் ஒரு கவ்வு. தண்ணீர் தெறித்துச் சுவரில் அடித்தது. பெண் ஓடி ஒரு மூலைக்குப் போனால் அங்கே ஒரு இடி. அடுத்த மூலைக்குப் போனால் அங்கேயும் ஒரு இடி. கடைசியில் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி, உடம்பைச் சாய்த்துக்கொண்டு, துடுப்புகளை ஒடுக்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"வெக்கப்படுது" என்றார் கருணாகரன்.

மதார் சாகிப்புக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தவர், வாய் திறக்கவில்லை. புது இடம், போகப் போகச் சரியாகிவிடும் என்று கருணாகரன் அவருக்கும் அதே மருந்தைக் கொடுத்து அனுப்பினார்.

மங்கை அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் மீனின் வால் கிழிந்து நாராகத் தொங்கியது. ஒரு கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்தது. தீனி போட்டால் மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது இறங்கி வரவில்லை.

"நைனா, அதுக்கு ஒதுங்க ஒரு மூல கூட இல்ல" என்றாள் மங்கை.

கருணாகரன் காதில் விழுந்தது. ஆனால் மீனைப் பற்றி மகள் தனக்குச் சொல்லித் தருவதா என்று, புதுப்பெண் அனுசரிக்கிற விதம் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பிரசங்கத்தை முடித்துக்கொண்டு அந்த வாரமே அவளைப் பஸ்ஸில் ஏற்றித் திருவொற்றியூரில் விட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது மட்டும் அவர் கையை ஒரு தரம் இறுகப் பிடித்து விட்டாள். திரும்பி வரும்போது, கடமையை முடித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெஞ்சு என்னவோ கட்டுமரத்தில் ஏறின மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மதார் சாகிப் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, தன் பெண்ணைத் திருப்பி அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னார். அனுப்ப முடியாது என்றார் இவர். கொடுத்த பெண்ணைக் கொல்லவா கொடுத்தேன் என்றார் அவர். இருவரும் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்தபோது, மக்கு பிளந்து ஒரு பக்கக் கண்ணாடி அப்படியே கழன்று விழுந்தது. தொட்டியைச் செய்தவர் யார் என்பதில் அந்த நேரத்தில் யாரும் பெருமை கொண்டாடவில்லை. தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது. இரண்டு மீனும் தரையில் துள்ளின.

அங்கம்மாதான் ஓடி வந்து இரண்டையும் கூடையில் அள்ளினாள். பின்கட்டில் அவள் ஒரு காலத்தில் கருவாட்டுக்கு உப்பில் மீன் ஊறவைத்த சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக மழை பெய்து உப்பெல்லாம் கழுவிப் போய், பாசி படிந்து, உடைந்த ஓடுகள் கிடக்க, பாதி மழைத் தண்ணீரோடு சும்மா கிடந்தது. இரண்டு மீனையும் ஒன்றாக அதில் கொட்டினாள்.

கருணாகரனும் மதார் சாகிப்பும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றின் பிணம் மிதக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மாப்பிள்ளை மீன் அடியில் போய் ஓடுகளுக்கு நடுவே பதுங்கியிருந்தது. இத்தனை நாள் வீரம் பேசியதற்கு உடம்பு வெளுத்துப் போயிருந்தது. எந்த மூலை தன்னுடையது என்று அதற்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் கிழிந்த வாலோடு மற்றது மெதுவாக வந்து அதன் பக்கத்தில் நின்றது. கடிக்கவில்லை. இரண்டு பயந்தாங்கொள்ளிகளும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன.

ஒரு வாரத்தில் அவை ஜோடியாகச் சுற்றின. கிழிந்த வால், ஓரத்தில் மட்டும் ஒரு வடு விட்டு, மெல்ல வளர்ந்தது. கண்ணில் படர்ந்த வெள்ளையும் கரைந்தது. புரட்டாசி பிறந்ததும் இரண்டும் சேர்ந்து உடைந்த ஓடு ஒன்றை வாயால் சுரண்டிச் சுத்தம் செய்தன. மதார் சாகிப்புக்கு ஆள் போயிற்று. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். இருவரும் தொட்டி விளிம்பில் குப்புறச் சாய்ந்து பார்த்தார்கள். ஒரு மீனின் வயிற்றுக்கடியில் தடித்த குழாய் ஒன்று தெரிந்தது. அது ஓட்டின்மேல் ஊர்ந்து வரிசை வரிசையாக முட்டை வைத்தது. மற்றதற்கும் குழாய் இருந்தது, மெல்லியது, கூரானது. அது பின்னாலேயே வந்து முட்டைகளின்மேல் உரசிக்கொண்டு போயிற்று. இத்தனை நாள் தேடிய அடையாளம் அந்த இரண்டு குழாய்தான்.

முட்டை வைத்தது கருணாகரனின் மீன்.

மதார் சாகிப் நிமிர்ந்து, தொப்பியைச் சரி செய்து, அங்கே இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். வெற்றிலைத் தட்டு எங்கே என்று கேட்டார். அங்கம்மா இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. கருணாகரனும் சிரித்துவிட்டார். ஊரில் ஆணுக்கு இலக்கணம் சொன்ன தன் வாயை நினைத்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். கோபம், ரகளை, என் இடம் உன் இடம் என்று அவர் அடுக்கிய அத்தனை அத்தாட்சியும் ஒரு பெண்ணுடையது.

மதார் சாகிப் அத்தோடு விடவில்லை. நியாயப்படி தான்தான் மாப்பிள்ளை வீடு, ஆகையால் பெண்ணும் முட்டையும் வண்ணாரப்பேட்டைக்கு வர வேண்டும் என்றார்.

"வாணாம் மாமு" என்றார் கருணாகரன். "உன் வூடும் வாணாம், என் வூடும் வாணாம். ரெண்டும் இப்பத்தான் சேந்துகினு கீது. கெடக்கிற எடத்துல கெடக்கட்டும்."

தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழ அவருக்கு ஒரு நொடி ஆயிற்று. மூலை இல்லை என்று மங்கை சொன்னது இப்போதுதான் புரிந்தது. மீனுக்கு இத்தனை யோசித்தவன், பெற்ற பெண்ணைக் கொண்டுபோய் ஒரு மூலைகூட இல்லாத இடத்தில் விட்டுவிட்டு வந்தேனே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. மதார் சாகிப் என்ன ஆயிற்று என்று கேட்டார். கருணாகரன் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

திருவொற்றியூரில் அன்றைக்குப் பட்டறை லீவு. மங்கை வாசலில் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள். இளைத்திருந்தாள். பவுனம்மாள் மரியாதையாக மோர் கொடுத்தாள். செல்வம் சுவரோரம் நின்றான். கருணாகரன் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். உள்ளே வந்ததும் அது மறந்துவிட்டது. அவருக்குப் பேச வந்தது மீன் ஒன்றுதான். மீன் கதையையே ஆரம்பித்தார். தொட்டி, கடி, மூலை, கிழிந்த வால் என்று எல்லாவற்றையும் சொன்னார். பவுனம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவள், கதை போகிற திசை தெரிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அப்போ நான் கடிக்கிற மீனுன்னு சொல்ல வந்தியா?" என்றாள்.

"கடிச்சது என் மீனு சம்மந்தி" என்றார் கருணாகரன். "அது மேல தப்பு இல்ல. அது வளந்த எடம், அதுக்கு வேற தெரியாது. இன்னொண்ணக் கொணாந்து அதுல தள்னவன் நானு. என்னத்தான் ஒதைக்கணும்."

பவுனம்மாள் முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் கடித்தவளும் இல்லை, கெட்டவளும் இல்லை. அந்த வீட்டைத் தவிர அவளுக்கென்று எதுவும் இருந்ததில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் கருணாகரனுக்கு அவள்மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

அப்போது செல்வம் வாய் திறந்தான். கல்யாணம் ஆன பிறகு அவன் மாமனாரிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அது.

"புதுத் தொட்டியில வுட்டதும் சண்ட வர்லியா மாமா?"

"வர்ல."

"ஏன்?"

"அது ரெண்டுத்துல யாரு தொட்டியும் இல்ல."

செல்வம் மங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். கருணாகரனுக்கு உற்சாகம் பொங்கியது. கல்மண்டபத்தில் நம்ம வீடு இருக்கிறது, பின்கட்டில் ஒரு ரூம் போட்டுத் தருகிறேன், இரண்டு பேரும் வந்துவிடுங்கள், மங்கையும் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பாள் என்று அடுக்கினார். இதைச் சொல்லும்போது அவருடைய குரலே குழைந்தது. மகள் பக்கத்திலேயே இருக்கப் போகிறாள் என்கிற ஆசை கல்யாணம் ஆனதிலிருந்தே உள்ளே கிடந்தது.

"அது உன் வூடு நைனா" என்றாள் மங்கை. "அங்க நான் உன் பொண்ணு. இவரு யாரு?"

கருணாகரனுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுப்பு வாய் வரைக்கும் வந்தது. வழக்கம்போல் ஒரு பிரசங்கமும் வந்தது. இரண்டையும் மோரோடு சேர்த்து விழுங்கினார். தண்டையார்பேட்டையில் பட்டறைத் தோஸ்து ஒருத்தன் இருந்த ரூம் காலியாகியிருப்பதாகச் செல்வம் மெதுவாகச் சொன்னான். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கேதான் சாப்பாடு என்றும் சொன்னான். பவுனம்மாள் வெகு நேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து, பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவை இறக்கி மங்கையின் முன்னால் வைத்தாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் அவர்கள் தண்டையார்பேட்டைக்குக் குடி போனார்கள். கிடங்குகளுக்குப் பின்னால், லாரிச் சத்தமும் புழுதியுமாக ஒரு சந்து. அதில் ஒரு ரூம். கல்மண்டபத்துத் தொட்டியில் பாதி முட்டை ஜவ்வரிசி மாதிரி வெளுத்துக் கெட்டுப் போயிருந்தது. மீதி பொரித்தது, பொரித்ததில் பாதியை அப்பனும் ஆத்தாளும் தின்றன, மிஞ்சியதுக்கு யார் தாத்தா என்று கருணாகரனும் மதார் சாகிப்பும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கருணாகரன் மகளைப் பார்க்கப் போனார். கையில் ஒரு பை நிறைய இறால், மனசு நிறைய யோசனை. அடுப்பை எந்தப் பக்கம் வைத்தால் புகை வெளியே போகும், தண்ணீர் அண்டா எங்கே இருந்தால் கைக்கு எட்டும், டிரங்குப் பெட்டியை எங்கே தள்ளினால் இடம் மிச்சமாகும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கதவு திறந்திருந்தது. நேராக உள்ளே போய், அடுப்பு இந்தப் பக்கமா இருக்கிறது என்று ஆரம்பித்தார். செல்வம் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

மங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் கரி இருந்தது. பையை வாங்கிக்கொண்டாள். ஒரு பாயை எடுத்து உதறி, ஜன்னலுக்குக் கீழே விரித்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அங்க குந்து நைனா" என்றாள். "நான் கூப்புட்ற வரிக்கும் எய்ந்து வராத."

அவர் அதுவரை மகளின் குரலில் அப்படியொரு அதிகாரத்தைக் கேட்டதில்லை. இறால் குழம்புக்குப் புளி கரைக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். கருணாகரன் செருப்பை வாசலில் போய் விட்டுவிட்டு வந்து, அவள் காட்டின இடத்தில் குந்தினார்.